நிக்கற லைனு நகர்ந்துச்சு

மெதுவாத்தான் சொல்லணும். பக்கத்துலயே அக்கா படுத்துகினு கீது. தூங்கறா மாதிரி தெரியுது, ஆனா தூங்கல. மூச்சு வர்றதுலயே எனக்குத் தெரியும்.

போன ஆடியோவுல உங்ககிட்ட ஒண்ணை சொல்லாம வுட்டுட்டேன். செவ்வாக்கெழம நடந்த கூத்தை முழுசா சொன்னேன். அது யாரால நடந்துச்சுன்னு மட்டும் சொல்லல. பயம். இப்பவும் பயந்தான், ஆனா இன்னிக்கு பகல்ல நடந்ததுக்கு அப்புறம் அத்த உள்ள வெச்சிக்கினு இருக்க முடியல.

புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். நான் ஷாலு, பிளஸ் டூ. வூடு விம்கோ நகர்ல. எங்க நைனா வேலப்பன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுது. எங்கக்கா மகிழினி, மீஞ்சூர் ரோட்டுல ஒரு இஞ்சினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் லெக்சரர். எங்க தெருவுலயே காலேஜ்ல பாடம் நடத்தற மொத ஆளு அதுதான்.

ஹார்பர்ல கண்டெய்னர் எறக்கணும்னா எண்ணூர் ரோட்டுல லைன்ல நிக்கணும். ஒரு நாளு, ரெண்டு நாளு, சில வாட்டி மூணு நாளும் ஆவும். லைனு எப்ப நகரும்னு எவனுக்கும் தெரியாது. குளிக்கப் போனா, அந்த நேரம் பாத்து நகரும், பின்னாடி கீற வண்டி உள்ள பூந்துடும். அதனால நைனா வண்டியிலயே துன்னு, வண்டியிலயே தூங்கும்.

அக்கா டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் ஃபைனல் இயர் பசங்களை லைப்ரரி புக்கு கணக்கு புரோகிராம் ஒண்ணு எழுதச் சொல்வாங்களாம். லேப் கம்ப்யூட்டர்ல ஓடும், மார்க் போடுவாங்க, அழிச்சிடுவாங்க. இந்த வருஷம் அக்கா அத்த ஒத்துக்கல. லேப்பை பூட்டினதுக்கு அப்புறமும் ஓடற மாதிரி எதனா செய்யுங்கன்னு சொல்லிடுச்சு. அதுக்கு வெளிநாட்டுல கீற மிஷினை வாடகைக்கு எடுத்து, பசங்களை அதுலதான் ஏத்தச் சொல்லுச்சு. கிளவுட்டுன்னு பேரு. அம்மா அத்த கேட்டுட்டு, மிஷினுக்கு வாடகைன்னா வூட்டுக்காரன் யாருடின்னு கேட்டுச்சு.

வெள்ளிக்கெழம ஆனா அக்காவே சொல்லாம கொள்ளாம ஒரு மிஷினை நிறுத்திடும். பசங்க கட்டினது அப்பவும் வுழாம ஓடணும். வுழுந்தா மறுபடியும் கட்டணும். அப்படித்தான் அக்கா பாடம் நடத்தும்.

பெனிட்டோ, சபீஹான்னு ரெண்டு பேரு அந்த கிளாஸ்ல. அவங்கதான் டிரெய்லர் லைனை புராஜெக்ட்டா எடுத்தாங்க. எர்ணாவூர், டோல்கேட், காசிமேடு, இந்த மூணு எடத்துக்கும் தனித்தனியா ஒரு போன் நம்பர். வண்டி அந்த எடத்தைத் தாண்டினா டிரைவரு அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கணும். காசு கெடையாது, டைப் அடிக்க வேணாம், படிக்கத் தெரியணும்னு இல்ல. பத்து நிமிஷத்துல இருபது மிஸ்டு கால் வந்தா அங்க லைனு நகருதுன்னு அர்த்தம். உடனே அந்த போன்லருந்தே பின்னாடி கீற எல்லாருக்கும் மெசேஜ் போவும்.

லேப்ல சாயங்காலம் ஆனா கரன்ட்டை நிறுத்திடுவாங்க. அதனால மூணு போனும் எங்க வூட்டுல, தையல் மிஷின் மேல, கம்ப்யூட்டர்ல ஒயரை மாட்டிக்கினு கீது. கணக்கு போடறதெல்லாம் அந்த வாடகை மிஷினு.

ஒரு மாசம் ஜோரா ஓடுச்சு. நைனா ரெண்டு தடவை வூட்டுக்கு வந்து குளிச்சிட்டு திரும்பிப் போயி லைன்ல நின்னுச்சு. அந்த வாரம் பூரா நைனாவுக்கு காலரைத் தூக்கி வுட்டுக்கினு திரியறதுதான் வேலை.

செவ்வாக்கெழம வெளியிலருந்து எக்ஸாமினர் வந்தாரு. அவருக்குக் காட்ட பசங்க காசிமேடு போன்லருந்து எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பினாங்க. அவரு பாத்துக்கினு இருக்கும்போதே காசிமேட்டுல அரை மணி நேரத்துல நூத்தி முப்பத்தாறு வண்டி போச்சுன்னு காட்டுச்சு. நெசத்துல அங்க ஒரு டயரு கூட உருளல. மெசேஜைப் பாத்துட்டு டிரைவருங்க ஈர லுங்கியோட ஓடியாந்து வண்டியை எடுத்தாங்க. எர்ணாவூர்ல ஒண்ணு மேல ஒண்ணு சொருகிக்கிச்சு. ஒரு வண்டிக்கு பம்பரு போச்சு. அது தேவப்பிரியம் அண்ணாச்சியோட வண்டி. எங்க நைனாவுக்கு அவருதான் மொதலாளி. காலேஜ் கரஸ்பாண்டென்ட்டுக்கு தோஸ்து வேற.

இதான் போன ஆடியோ வரைக்கும். இனிமே இன்னிக்கு.

காலையில அக்கா சாப்புடாமயே கெளம்புச்சு. நேத்து ராத்திரி பூரா அதுவும் பசங்களும் போன்ல பேசிக்கினு தேடியும் தப்பு எங்கன்னு தெரியல. மெசேஜை செவ்வாக்கெழமையோட நிறுத்தி வெச்சிகீறோம், பதினோரு மணிக்கு லிஸ்ட்டுல கடைசி பத்தே பத்து நம்பருக்கு மட்டும் ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பறோம், போனுங்களைப் பாத்துக்கினு இருடின்னு எனக்கு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு ஸ்டடி லீவு.

போவும்போது இன்னொண்ணும் சொல்லுச்சு. எச்ஓடி ரகுபதி சார் ஒரு லெட்டரு அடிச்சி வெச்சிகீறாராம். பசங்க அக்காவைக் கேக்காம தானா செஞ்சாங்கன்னு அதுல கீதாம். அஞ்சு மணிக்குள்ள அக்கா கையெழுத்து போட்டுட்டு, அந்த லைனு சமாச்சாரத்தையும் நிறுத்திடணும். போட்டா அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது, பெனிட்டோவும் சபீஹாவும் இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. போடலைன்னா அக்காவுக்கு வேலை கெடையாது.

இன்னா பண்ணப் போறேன்னு கேட்டேன். செருப்பை மாட்டிக்கினே, கையெழுத்துன்னா மட்டும் போட மாட்டேன்னு சொல்லிட்டு போயிடுச்சு.

பதினோரு மணி. அம்மா வாசல்ல ஒக்காந்து சங்கரா மீனு கழுவிக்கினு இருந்துச்சு. அதோட போன் ஒரு தடவை கத்துச்சு. அம்மா கையை பொடவையில தொடச்சிட்டு, போனை எடுத்து எட்டப் புடிச்சிப் பாத்துச்சு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நம்பரு தெரியும். பச்சை பட்டனை அமுக்குச்சு. ஒரு ரிங் போனதும் கட் பண்ணிட்டு மறுபடியும் மீனை எடுத்துச்சு.

அதே நேரம் எனக்குப் பின்னாடி தையல் மிஷின் மேல காசிமேடு போன் வெளிச்சம் வந்து அணைஞ்சுது.

யாருக்கும்மா அடிச்சன்னு கேட்டேன்.

"மெசேஜ் அனுப்புன நம்பருக்குத்தான். பாத்துட்டேன்னு சொல்ல வேணாமா? அந்தாண்ட ஒரு புள்ள காத்துக்கினு இருக்கும்ல?"

அம்மா சொல்லி முடிக்கல, போன் மறுபடியும் வெளிச்சம். மறுபடியும். எண்ணினேன், ஒம்போது. பக்கத்து வூட்டு செல்லக்கனி அக்கா அவங்க வாசல்ல நின்னுகினு போனை எடுத்து இடுப்புல சொருகறதை என் கண்ணால பாத்தேன். பத்து மெசேஜ் போச்சு. பத்து மிஸ்டு கால் திரும்ப வந்துச்சு.

எங்க தெருவுல யாரு வூட்டுலயும் மிஸ்டு காலை சும்மா வுட மாட்டாங்க. பஸ்ஸு ஏறிட்டேன்னு ஒண்ணு அடிச்சா, சரின்னு ஒண்ணு திரும்ப அடிக்கணும். அடிக்கலைன்னா கோவம்னு அர்த்தம். பெனிட்டோவுக்கு அது தெரியாது, அவன் ஹாஸ்டல் பையன். புரோகிராமுக்கும் தெரியாது. அது ஒரு மிஸ்டு காலை ஒரு வண்டின்னு எண்ணும். ஒரே நம்பர் ரெண்டு தடவை அடிச்சா ரெண்டு வண்டின்னு எண்ணும், ஏன்னா டிரைவருங்க ஒருத்தர் போனை ஒருத்தர் வாங்கி அடிப்பாங்க.

ஆனா பசங்க லிஸ்ட்டுல டிரைவருங்க நம்பருதான் இருந்துச்சு. வண்டி ஓட்டறவன் திரும்ப அடிக்க மாட்டான், ஸ்டியரிங்கைப் புடிப்பான். வூட்டுப் பொம்பளைங்க நம்பரு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

நான்தான் போட்டேன்.

போன ஞாயித்துக்கெழம தண்ணி லாரிகிட்ட கொடத்தோட நிக்கும்போது செல்லக்கனி அக்கா கேட்டுச்சு. ஆம்பளைங்களுக்கு மட்டும் மெசேஜ் வருது, சோறு எப்ப கட்டணும்னு எங்களுக்குத் தெரிய வேணாமான்னு. கேட்டது ஞாயம்தான. வூட்டுக்கு வந்தா கம்ப்யூட்டர் தெறந்தே கீது, லிஸ்ட்டும் தெறந்தே கீது, அக்கா மாடியில துணி காயப் போடுது. அறுபத்தெட்டு வூடு. ஒவ்வொரு பேரா அடிச்சேன். அக்கா மெச்சிக்கும்னு நெனச்சேன். அப்புறம் வேற பேச்சு வந்துடுச்சு, சொல்ல மறந்துட்டேன். செவ்வாக்கெழமைக்கு அப்புறம் சொல்ல பயந்துட்டேன்.

அறுபத்தெட்டு ரெண்டு தடவை அடிச்சா எவ்ளோன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

ரெண்டு மணி வரைக்கும் அடிச்சிப் பாத்தேன், அக்கா போன் ஸ்விட்ச் ஆஃப். மீஞ்சூர் பஸ்ஸுல நின்னுகினே போனேன். எண்ணூர் தாண்டும்போது அப்படியே எறங்கி திரும்பிடலாம்னு தோணுச்சு. எறங்கல. அதுக்காக நான் தைரியசாலின்னு நெனச்சிடாதீங்க, அந்த கூட்டத்துல கதவுகிட்ட போவ முடியல.

போயி சேர்றதுக்கு மூணரை ஆயிடுச்சு. எச்ஓடி ரூம்ல அக்கா நின்னுகினு இருந்துச்சு. மேசை மேல லெட்டரு, அது மேல பேனா. பெனிட்டோவும் சபீஹாவும் செவுத்தோரமா. நான் வாசல்லயே நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். தண்ணி லாரியிலருந்து சங்கரா மீனு வரைக்கும். மூச்சு வுடாம.

ரகுபதி சாருக்கு மூஞ்சி தெளிஞ்சிடுச்சு. கெட்டவரு இல்ல அவரு, பாவம், ரிட்டயர் ஆவ ரெண்டு வருஷம்தான் கீதாம். அப்ப இது வெளியாளு பண்ண வேலை, பசங்களுக்கும் பிரச்சனை இல்ல, மேடத்துக்கும் இல்லைன்னாரு. லெட்டரை மாத்தி அடிச்சிடலாம், தங்கச்சி பேரை மட்டும் சொல்லுங்கன்னு பேனாவை எடுத்தாரு.

என் பேரை நானே சொல்ல வாயைத் தெறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்துச்சு.

"இவ வந்து கெடுக்கல சார். நாங்க கட்டினதுல ஓட்டை. கால் வருதுன்னு எண்ணினோம், அது யாரு கால்னு பாக்கல. அதை பசங்களுக்கு சொல்லித் தராதது நான்."

அப்புறம் கொஞ்சம் கொரலை எறக்கி, எனக்கு தோணாததுதான் சார் அசிங்கம்னு சொல்லுச்சு. தெனம் பஸ்ஸு ஏறினதும் எங்கம்மாவுக்கு நான் அடிக்கிறேன், எங்கம்மா திரும்ப அடிக்கிறாங்க, இந்த தப்பை எங்க தெருக்காரி நானே கண்டுபுடிச்சிருக்கணும்னு.

அதுக்கப்புறம் லெட்டரைத் தொடவே இல்ல. மணியைப் பாத்துச்சு, லேப்புக்கு வாங்கன்னு பசங்களைக் கூப்புட்டுக்கினு போயிடுச்சு. சார் பேனாவோட ஒக்காந்துகினு இருந்தாரு.

லேப்ல பதினாலு பேரு இருந்தாங்க. நடந்ததை அக்கா போர்டுல படமா வரைஞ்சுது. மெசேஜ் போவுது, கால் திரும்ப வருது, அது வண்டின்னு எண்ணுது, மறுபடியும் மெசேஜ் போவுது. சுத்தி சுத்தி அம்புக்குறி. ஒரு பையன் சிரிச்சிட்டான், அக்காவும் சிரிச்சிடுச்சு. மூணு நாளு கழிச்சு அக்கா சிரிச்சது அப்பத்தான்.

எப்படி சரி பண்றதுன்னு கேட்டுச்சு. அந்த அறுபத்தெட்டு நம்பரையும் தூக்கிடலாம் மேடம், ரெண்டு நிமிஷ வேலைன்னு சபீஹா சொல்லுச்சு. கரெக்ட்டுதான்னு எனக்கே பட்டுச்சு.

"வூட்டுல கீறவங்களை வெளிய தள்ளிட்டு சரியாயிடுச்சுன்னு சொன்னா, யாருக்குடா சரியாச்சு?"

அக்கா காலேஜ்ல நம்ம பாஷையே பேசாது. இன்னிக்கு பேசிடுச்சு. பசங்க ஒருத்தரும் சிரிக்கல.

அப்புறம் பெனிட்டோதான் சொன்னான். டிரைவரு நம்பர்லருந்து வந்தா வண்டின்னு எண்ணட்டும், வூட்டு நம்பர்லருந்து வந்தா அத்த தனியா, பாத்துட்டாங்கன்னு எழுதட்டும். யாரு வூட்டுக்கு மெசேஜ் போயி சேந்துச்சுன்னும் தெரிஞ்சிடும்ல. அக்கா சாக்பீஸை அவன் கையில குடுத்துடுச்சு. நாலு பேரு எழுதினாங்க, நாலு பேரு தப்பு பாத்தாங்க. வாடகை மிஷினு மொத்தம் ரெண்டு, அதுல மொதல்ல ஒண்ணுல மட்டும் ஏத்தினாங்க. என்னை அம்மாவுக்கு போன் பண்ண வெச்சி, காசிமேடு நம்பருக்கு ஒண்ணு அடிக்கச் சொன்னாங்க. அம்மா இன்னாத்துக்குன்னு கூட கேக்கல, அடிச்சிடுச்சு. வண்டி கணக்கு ஏறல. பக்கத்துல 'பாத்துட்டாங்க: 1'ன்னு வந்துச்சு. அப்புறம்தான் ரெண்டாவது மிஷின்லயும் ஏத்தினாங்க.

அஞ்சுக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது சார் வந்தாரு. பின்னாடி லேப் அட்டெண்டரு. கரஸ்பாண்டென்ட் போன் பண்ணிட்டாராம். மேடம், இத்த நான் செய்யக் கூடாது, ஆனா வேற வழியில்லைன்னு சொல்லிட்டு, மெயினை ஆஃப் பண்ணுன்னாரு.

எல்லா கம்ப்யூட்டரும் ஒண்ணா செத்துச்சு. ஃபேன் சுத்தி சுத்தி நின்னுச்சு. யுபிஎஸ்ஸு மட்டும் மூலையில கூவிக்கினு இருந்துச்சு. சரி, முடிஞ்சுதுன்னு சார் கைக்குட்டையால நெத்தியைத் தொடச்சாரு.

சபீஹா அது போனைத் தெறந்து எதையோ அமுக்கிக்கினே இருந்துச்சு. மெதுவாத்தான் வரும் அதுல நெட்டு. ரொம்ப நேரம் கழிச்சு, சார்னு கூப்புட்டுச்சு.

"ஓடுது சார்."

சாரு போனை வாங்கிப் பாத்தாரு. அட்டெண்டரைப் பாத்தாரு. எங்கதான் கீது அதுன்னு கேட்டாரு. எனக்கே சரியா தெரியாது சார்னு அக்கா சொல்லுச்சு. ஒண்ணு சிங்கப்பூர்ல, ஒண்ணு அமெரிக்காவுல, நீங்க போற எடத்துல சுவிட்ச் இல்லைன்னு. திமிரா சொல்லல. கிளாஸ்ல டவுட்டு கேட்ட பையனுக்கு சொல்ற மாதிரிதான் சொல்லுச்சு.

அப்ப நீங்களே நிறுத்துங்கன்னாரு.

"மாட்டேன் சார்."

அவ்ளோதான். கழுத்துல இருந்த ஐடி கார்டை அக்காவே கழட்டி மேசை மேல வெச்சிடுச்சு. லெட்டருக்கு பதிலா ஒரு வெள்ளை பேப்பர்ல எழுதுச்சு. இத்த நடத்தினது நான், பசங்க நான் சொல்லித்தான் ஏத்தினாங்க, தப்பு நடந்துச்சு, சரி பண்ணிட்டோம், இப்பவும் ஓடுது. கீழ மகிழினி வேலப்பன்னு கையெழுத்து. போட மாட்டேன்னு சொன்ன கையெழுத்து வேற, இது வேற.

சார் அந்த பேப்பரை மடிச்சி சட்டைப் பையில வெச்சிக்கினாரு. வாசல் வரைக்கும் கூடவே வந்தாரு. நாளைக்கு பத்து மணிக்கு கரஸ்பாண்டென்ட் ரூமுக்கு வரணுமாம். அந்த மிஷினுங்களோட பாஸ்வேர்டைக் குடுத்துடணுமாம். குடுக்கலைன்னா பதினாலு பேருக்கும் லேப் மார்க் ஜீரோவாம். சொல்லும்போது அவரு அக்கா மூஞ்சியைப் பாக்கல.

பஸ் ஸ்டாப்புல பசங்க சூழ்ந்துக்கினாங்க. ஜீரோ போட்டா போடட்டும் மேடம், ஓடறது ஓடட்டும்னான் பெனிட்டோ. நெறைய பேரு ஆமான்னாங்க. கடைசியில நின்ன ஒரு பொண்ணு மட்டும் ஒண்ணும் சொல்லல. அதுக்கு கண்ணு ரொம்பிடுச்சு. அக்கா அந்தப் பொண்ணையே பாத்துக்கினு இருந்துச்சு.

வூட்டுக்கு வந்தா அம்மா நடுவூட்டுல, மூணு போனுக்கும் முன்னாடி நாக்காலி போட்டு ஒக்காந்துகினு கீது. நைனா எர்ணாவூர் லைன்லருந்து பேசுச்சாம். அண்ணாச்சி சொல்லி அனுப்பிட்டாராம், உன் பொண்ணுங்க அத்த நிறுத்தலைன்னா வண்டிக்கு வேற டிரைவரைப் போட்டுடுவேன்னு. காலையில வந்து நானே ஒயரைப் புடுங்கறேன்னு நைனா சொல்லுச்சாம். வரட்டும், தொட்டுத்தான் பாக்கட்டும்னு அம்மா சொல்லுச்சு. அறுபத்தெட்டு பொம்பளைங்களுக்கு யாரு பதில் சொல்றதுன்னு வேற கேட்டுச்சு.

ஏழரை மணிக்கு காசிமேட்டுல நெசமாவே லைனு நகர்ந்துச்சு. இருபத்தி மூணு வண்டி. மெசேஜ் போச்சு. அறுபத்தெட்டு வூடும் திரும்ப அடிச்சிச்சு. போன் வெளிச்சம் போட்டுக்கினே இருந்துச்சு, நாங்க மூணு பேரும் ஸ்கிரீனைப் பாத்துக்கினு இருந்தோம்.

இருபத்தி மூணு இருபத்தி மூணாவே நின்னுச்சு.

அம்மா எழுந்து சோறு போடப் போச்சு. அக்கா சாப்புட வரல. கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து என்னைக் கூப்புட்டுச்சு. பாஸ்வேர்டு மாத்தற எடத்தைத் தெறந்து வெச்சிட்டு, எழுந்து நாக்காலியை எனக்கு வுட்டுடுச்சு.

"நாளைக்கு அந்தப் பொண்ணை என் முன்னாடி ஒக்கார வெச்சி கேட்டாங்கன்னா நான் குடுத்துடுவேன்டி. எனக்கு என்னைத் தெரியும். நீ மாத்து. என்கிட்ட சொல்லாத."

செவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். மூணாவது தடவை ஏத்துக்கிச்சு. இப்ப இந்த ஒலகத்துல அது எனக்கு மட்டும்தான் தெரியும். பதினேழு வயசுல ரெண்டு மிஷினோட சாவி என்கிட்ட கீது, அதுங்க கீற ஊரைக் கூட நான் பாத்ததில்ல.

காலேஜ்காரங்க என்னைக் கேக்க மாட்டாங்க. நைனா கேக்கும். நைனா வேலை போற விஷயம். நைனா கேட்டு நான் இதுவரைக்கும் ஒண்ணையும் இல்லைன்னு சொன்னதில்ல. தெரியாதுன்னு சொல்லிடவாக்கான்னு கேட்டேன்.

"பொய் சொல்லாத. தெரியும்னு சொல்லு. தர மாட்டேன்னு சொல்லு."

அதத்தான் வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கினு கீறேன். தெரியும் நைனா. தர மாட்டேன். மொத தடவை நைனான்ற எடத்துலயே கொரலு ஒடைஞ்சிடுச்சு. நாலாவது தடவை கொஞ்சம் பரவால்ல.

அஞ்சாவது தடவை சொல்லும்போது கதவு தட்டற சத்தம். அக்கா எழுந்து ஒக்காந்துடுச்சு. காலையிலதான் வர்றேன்னு சொல்லுச்சு நைனா. இன்னும் மணி ரெண்டு கூட ஆவல.

நான்தான் கதவைத் தெறக்கப் போறேன்.